மூன்றாவது சரணத்து மூச்சு

வந்துட்டாளுக. தெரு முனையில் டோலக் சத்தம் கேட்டதுமே எப்சிபா அடுப்படியில் நிமிர்ந்தாள். முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எண்ணெயிலிருந்து அரித்தெடுத்த கரண்டி அந்தரத்தில் நின்றது, எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சபைப் பெண்கள் வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற கேரல் என்றால் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோயில் வாசலில் ஜெபம் பண்ணிக் கிளம்ப வேண்டும், விளக்கு வைக்கும் முன்னே கடைசி வீட்டையும் முடித்துவிட வேண்டும், ராத்திரி கேரல் ஆம்பளைகளுக்கு. இது அந்தக் காலத்து ஏற்பாடு, இன்றைக்கும் மாறவில்லை. மாறினது ஒன்றே ஒன்றுதான். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து டிசம்பர் மாதத்தில் இந்த நேரத்துக்கு அவள் இந்த அடுப்படியில் நின்றதே கிடையாது. அங்கேதான் நிற்பாள், அந்தக் கூட்டத்துக்கு முன்னால், அவள் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்னால் பாடுவார்கள். தன் வீட்டு வாசலுக்கே வெளியாள் மாதிரி வந்து நின்று பாடிவிட்டு, தன் புருஷன் நீட்டுகிற காப்பியை விருந்தாளி மாதிரி வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவள். இந்த வருஷம் வீட்டுக்காரியாக நிற்கிறாள். சித்திரையில் கழுத்தில் தைராய்டு கட்டி என்று ஆபரேஷன் பண்ணினார்கள், கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. வாயைத் திறந்தால் சைக்கிள் பம்பில் காற்று ஒழுகுகிற மாதிரி ஒரு சத்தம். "நரம்பு களைச்சுப் போயிருக்கும்மா, திரும்ப வரும், அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். வரும் என்று சொன்ன மனுஷன் எப்போது வரும் என்று சொல்லவில்லை. அதுவரைக்கும் என்று சொல்லி அவள் இடத்தில் கூட்டத்தில் இளையவளான பெனிட்டாவை நிறுத்தியிருக்கிறார்கள். அதுவரைக்கும்தான், இந்த வருஷத்துக்கு மட்டும்தான், பாட்டுக்குழுவை நடத்துகிற சுகந்தி டீச்சர் வீட்டுக்கே வந்து அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

"ஏட்டி, எண்ணெ கருகுது பாரு" என்றார் புருஷன் ஞானதுரை, முன்னறையிலிருந்து. மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும் அவருக்கு. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு மனுஷனுக்கு நாற்காலியும் பேப்பரும்தான் கதி. அவள் அடுப்பை அணைத்தாள். அணைத்ததும் சத்தம் தெளிவாகக் கேட்டது, முனைவீடு, ஆசீர்வாதம் வாத்தியார் வீடு. இப்போது சுகந்தி டீச்சர் கேட்பாள், "ஐயா, ஒங்க வீட்டுக்கு என்ன பாட்டு?" இந்தச் சபையில் அதுதான் பழக்கம், வீட்டுக்காரர் எந்தப் பாட்டைக் கேட்கிறாரோ அதைத்தான் அந்த வாசலில் பாட வேண்டும், தெரியாது என்று சொல்லக்கூடாது. வாத்தியார் பாலன் தாலாட்டைத்தான் கேட்பார், அவர் பெண்சாதி செத்த வருஷத்திலிருந்து அதைத்தான் கேட்கிறார். கேக்காம இருக்கணுமே, வேற எதையாவது கேட்டுத் தொலைக்கணுமே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே டோலக் அடங்கிற்று, ஜால்ரா அடங்கிற்று, தெருவே ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது, ஒற்றைக் குரல் எழுந்தது. 'தாலாட்ட யாருண்டு தாவீதின் ஊரிலே.' ஐயோ. சின்னக் குரல்தான், ஆனால் சுத்தமான குரல், அதைச் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் எங்கே போவது? வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தப் பாட்டு பாட்டுப் புத்தகத்தில் கிடையாது, யார் எழுதினது என்று போதகருக்கும் தெரியாது, வாயில்தான் இருந்தது, அதுவும் யார் வாயில்? எப்சிபா வாயில். தெருவில் போகிற பிள்ளைகள்கூட எப்சியக்கா பாட்டு என்றுதான் சொல்லும். மாதா கோயில் தெருவிலிருந்து கத்தோலிக்கர்கள்கூட இந்தப் பாட்டைக் கேட்பதற்கென்று வந்து ஓரமாக நிற்பார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள், போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாவது சரணம் வரட்டும். அங்கே இருக்கிறது விஷயம்.

அந்த விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். 'விண்ணவர் சேனை பாட விழித்திருக்கும் பாலனே', அதுதான் மூன்றாவது சரணத்துக் கடைசி வரி. யார் பாடினாலும் 'பாட' என்று முடித்துவிட்டு ஒரு மூச்சு எடுப்பார்கள், புத்தி அப்படித்தான் சொல்லும், அர்த்தமும் அங்கேதான் நிற்கிறது. அங்கே எடுத்தால் கெட்டது. 'விழித்திருக்கும்' உச்சிக்குப் போகிற இடம், புதுசாக எடுத்த மூச்சோடு அங்கே ஏறினால் தொண்டை இறுகிக் குரல் பிளந்துவிடும். அதற்கு முன்னாலேயே, 'விண்ணவர்' என்று சொன்ன கையோடு, கொஞ்சூண்டு, திருடின மாதிரி ஒரு மூச்சை உள்ளே வாங்கிக்கொண்டு 'சேனை பாட விழித்திருக்கும்' என்று ஒரே ஓட்டமாக ஓடிவிட வேண்டும். அவளுக்கு அது எப்படி அகப்பட்டது? பிரபா வயிற்றில் இருந்தாள், நிறைமாசம், நெஞ்சு வரைக்கும் ஏறி உட்கார்ந்திருந்தாள், பாட வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளா கேட்பாள்? தான் பாடாவிட்டால் வேறு எவளாவது பாடிவிடுவாள் என்கிற பயம் அப்போதே உண்டு. பாடும்போது 'விண்ணவர்' என்றதும் பிள்ளை ஒரு உதை உதைத்தது, மூச்சு தானாக உள்ளே போயிற்று, அவ்வளவுதான், அதுவரைக்கும் வருஷா வருஷம் பயந்து பயந்து ஏறின உச்சியில் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு போய் நின்றாள். அப்போது பாட்டுக்குழுவை நடத்தின தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னம்மா செஞ்ச இன்னைக்கு?" என்றார். "ஒண்ணும் செய்யல சார்" என்றாள். அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார், அப்புறம் அது அவளுடையதாகவா இருந்திருக்கும்? பிரபாவிடம்கூடச் சொன்னதில்லை, அவளுக்குப் பாட்டே வராது, பெங்களூரில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு இருக்கிறாள்.

பெனிட்டா கேட்டாள். கேட்கத்தான் செய்தாள், அதை மறைக்க முடியாது. பாட்டுப் படிக்க என்று சாயங்காலம் சாயங்காலம் இந்த வீட்டுக்கு வந்தாள், பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, ஒரு பையில் டிபன் டப்பா, ஒரு பையில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள், வந்ததும் செருப்பை நேராகக் கழற்றி வைப்பாள், "அக்கா, நீங்க பாட வேண்டாம், வாயை அசைச்சா போதும், நான் பிடிச்சுக்குவேன்" என்பாள். என்ன அடக்கம், என்ன மரியாதை. மரியாதை இல்லாதவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும், சவத்து மூதி என்று ஒரு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எப்சிபா வாயை அசைத்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு அசைத்தாள், மூன்றாவது சரணம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். ஒருநாள் அந்தப் பெண் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அக்கா, இந்த எடத்துல எனக்குக் கொரல் ஒடையுது. மூச்சு பத்தல. நீங்க எங்கன மூச்சு எடுப்பீங்க?" ஞானதுரை பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். எப்சிபா என்ன சொன்னாள் தெரியுமா? "மூச்சா? அதெல்லாம் நாம எடுக்கிறதாம்மா? நல்லா ஜெபம் பண்ணிட்டுப் பாடு. தானா வரும்." அந்தக் காற்றுக் குரலில் அதைச் சொன்னபோது எவ்வளவு பக்தியாக இருந்தது. அந்தப் பெண் கண்ணை மூடித் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் முட்டங்கால் போட்டு ஜெபம் பண்ணியிருப்பாள், பண்ணியே இருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். பொய் சொல்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு, பொய்யில் ஜெபத்தைக் கலந்து சொல்ல எவளுக்கு வரும்?

உடைந்தது! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த எப்சிபாவின் விரல்கள் இறுகின. அங்கேதான், 'விழித்திருக்கும்' என்று ஏறின இடத்தில், மண்பானையில் கீறல் விழுந்த மாதிரி லேசாக ஒரு பிளவு, பின்னால் நின்றவர்கள் சட்டென்று சேர்ந்து பாடி அதை மூடிவிட்டார்கள், ஆனால் அவள் காதுக்குத் தப்புமா? அப்பாடா என்று நெஞ்சுக்குள் குளிர்ந்தது, வெட்கமில்லாமல் குளிர்ந்தது. வேணும், நல்லா வேணும். சும்மா நின்னுட்டாப் போதுமா அந்த எடத்துல? அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய் முந்திரிக்கொத்தைப் பெரிய தட்டில் அடுக்கினாள், உற்சாகமாகவே அடுக்கினாள், பக்கத்தில் அச்சு முறுக்கை வைத்தாள், காப்பிக்குப் பாலை ஏற்றினாள். முனைவீட்டில் கை தட்டுகிறார்கள். கையா? எதுக்குத் தட்டுறாங்க? உடைஞ்சுதே, கேக்கலையா இவங்களுக்கு? வாத்தியாருக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்னவோ. "நல்லாத்தான் பாடுது அந்தப் புள்ள" என்றது முன்னறைக் குரல். அவள் தட்டை ணங்கென்று வைத்தாள். "கேட்டீங்களா? உச்சியில ஒடஞ்சுது" என்றாள், அந்தக் காற்றுச் சத்தத்தில். "எங்கன ஒடஞ்சுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் அவர். தெரியாதுதான், இவருக்கு என்ன தெரியும், இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லாப் பாடின என்று சொல்லியிருக்கிறாரா? வாசலில் நின்று பாடும்போது, "என்ன பாட்டுய்யா?" என்று கேட்டால் "எதாவது பாடுங்க, ஒங்க இஷ்டம்" என்பார். பெண்சாதி முன்னாலே நிற்கிறாள், ஊரே அவள் பாட்டைக் கேட்கிறது, இவர் ஒங்க இஷ்டம். இன்றைக்கு மட்டும் நல்லாத்தான் பாடுதாம் புள்ள.

அடுத்த வீடு மாடிவீட்டு ஜேக்கப் வீடு, அங்கே நல்லவேளையாக வேறு பாட்டு. கேசட் காலத்துப் பாட்டு ஒன்று, ஜேக்கப் வீட்டு டேப் ரிக்கார்டரில் நவம்பர் பிறந்தாலே தெருவெல்லாம் கேட்கும், ரிப்பன் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்துப் பாடும், பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடியும் போடுவார்கள், அந்த இழுப்போடுதான் தெருப்பிள்ளைகள் அந்தப் பாட்டைப் படித்ததே. இப்போதும் இந்தப் பெண்கள் இரண்டாவது அடியில் ரிப்பன் மாட்டின இடத்தில் அதே மாதிரி இழுக்கிறார்கள், அதுதான் ராகம் என்றே ஆகிவிட்டது. எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சத்தம் வரவில்லை. அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு அறுந்துபோயிற்று. போன வாரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று, மெல்ல 'தாலாட்ட' என்று எடுத்துப் பார்த்தாள். வாத்துக் கத்தல்தான் வந்தது. 'தா' என்கிற இடத்திலேயே வாத்து. வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்து நெடுநேரம் அப்படியே நின்றாள், வெளியே வந்ததும் "என்னட்டி இவ்வளவு நேரம்?" என்றார், "சோப்பு கெடக்கல" என்றாள். வராது. மனசின் ஓரத்தில் அது தெரிகிறது. டாக்டர் வரும் என்கிறார், சுகந்தி டீச்சர் வரும் என்கிறாள், போதகர் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினார், ஆனால் அவளுக்குத் தெரிகிறது, வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிகிறது. அடுத்த வருஷம் பெனிட்டா பாட்டு என்று சொல்வார்கள். அதற்கு அடுத்த வருஷம் பிறக்கிற பிள்ளைகளுக்கு எப்சியக்கா என்று ஒருத்தி பாடினதே தெரியாது. ஒருவேளை அந்தப் பொய்க்குத்தான் இந்தத் தண்டனையோ? சே, அது எப்படி, குரல் போனது சித்திரையில், பொய் சொன்னது கார்த்திகையில், கர்த்தர் என்ன முன்கூட்டியே தண்டிப்பாரா? அப்படியென்றால் இனிமேல்தான் தண்டனை பாக்கி இருக்கிறது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

பக்கத்து வீடு. கிரேனாப் வீடு, நடுவில் ஒரு மதில்தான், மதிலுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்கூடக் கேட்கிறது. கிரேனாப் என்ன கேட்பாள்? போன வருஷம் வரைக்கும், "எப்சி, ஒன் பாட்டத்தான் கேக்கணும், வேற என்னத்தக் கேக்க?" என்பாள், அடுத்தடுத்த வீட்டுக்காரி, பிரசவத்துக்கு வெந்நீர் வைத்தவள், குழம்பு கொடுத்துக் குழம்பு வாங்குகிறவள், எப்சி பாட்டு எப்சியோடுதான் என்று ஒரு வார்த்தை சொல்லி இன்றைக்கு வேறு பாட்டைக் கேட்கக்கூடாதா? அந்த மட்டுக்காவது ஒரு விசுவாசம் இருக்கக்கூடாதா? "அந்தத் தாலாட்டுதாம்மா" என்றாள் கிரேனாப், மதிலுக்கு அந்தப் பக்கம், தெளிவாக. துரோகி. நாளைக்கு அந்தச் சுவரில் குழம்புக் கிண்ணம் வரட்டும், வைத்துக்கொள்கிறேன். பெனிட்டா எடுத்தாள். இவ்வளவு பக்கத்தில் கேட்கும்போது அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருப்பது தெரிந்தது, முதல் சரணம் போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதில் கால் வைத்ததும் அந்தப் பெண் பயப்படுகிறாள், பயப்படுவது தெரிகிறது, எப்சிபாவுக்கு அந்தப் பயம் பழக்கமான பயம், பிரபா உதைக்கிற வரைக்கும் அவளுக்கும் இருந்த அதே பயம். 'விண்ணவர் சேனை பாட', எடுத்தாள் மூச்சை, தப்பான இடத்தில், எடுத்தே விட்டாள், 'விழித்...' அங்கே பிளந்தது, நன்றாகவே பிளந்தது, இந்தத் தடவை யாரும் மூடவில்லை. எப்சிபா காத்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது கிரேனாப் சொல்வாள், எப்சி பாடினால் இப்படி ஆகாது என்று. கிரேனாப் அழுதுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மதிலைத் தாண்டி வந்தது. "எம்மா, நெஞ்சக் கரைச்சிட்டியே. அந்த எடத்துல ஒன் கொரலு தளுதளுத்துச்சு பாரு, எனக்கு எங்கம்மா நெனப்பு வந்துட்டு."

தளுதளுத்துச்சாம். எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடைந்ததைத் தழுதழுத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள், உடைந்தாலும் அழுகிறார்கள், அப்படியானால் இத்தனை வருஷமும் என்ன நடந்தது? அந்த உச்சிக்காகத்தான் கூட்டம் நிற்கிறது, அந்த ஒரு வரிக்காகத்தான் மாதா கோயில் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அதற்காகத்தான் காரம் சாப்பிடாமல், ஐஸ் தொடாமல், நவம்பர் முழுக்கக் கழுத்தில் மப்ளர் சுற்றி, ஊரே கேலி பேச, ஒரு மூச்சைத் தங்கக்காசு மாதிரி முடிந்து வைத்துக்கொண்டு அலைந்தாள். யாருக்கும் அது தெரியவே தெரியாதா? பாட்டு மட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்ததா, பாடுகிறவள் யாராக இருந்தால் என்ன என்றா? பெனிட்டாவின் மேல் வந்த எரிச்சலைவிட இது மோசமாக எரிந்தது, எங்கே என்று தொட்டுக் காட்ட முடியாமல் எரிந்தது. சரி. வரட்டும். நம்ம வாசலுக்கு வரட்டும், வேறு பாட்டைக் கேட்டுவிடுவோம். சின்னப்பிள்ளைகள் கை தட்டிப் பாடுகிற பாட்டு ஏதாவது. இந்த வாசலில் மட்டுமாவது அந்தப் பாட்டை அவள் வாய் தொடக்கூடாது. இந்த ஒரு வாசல் போதும். அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள், கழுத்துத் தழும்பு தெரியாமல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள், தட்டை எடுத்தாள்.

கேட்டைத் திறந்துகொண்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். மாலை வெயில் நேராக அவர்கள் முகத்தில் அடித்தது, வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரம் இன்னும் விளக்குப் போடாமல் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. வாசலை இந்தப் பக்கம் நின்று பார்ப்பது அவளுக்குப் புதுசாக இருந்தது, இத்தனை பேருடைய கால்களும் புழுதியாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பெனிட்டா முன்னால் நின்றாள், அவள் இடத்தில், நெற்றியில் வியர்வை, கையில் புத்தகம் ஒன்றும் கிடையாது. "எப்சியக்கா, ஒங்க வீட்டுக்கு என்ன பாட்டு?" என்றாள் சுகந்தி டீச்சர். எப்சிபா வாயைத் திறந்தாள். காற்று வந்தது, சொல் வரவில்லை, தொண்டையைச் செருமினாள், அதற்குள்ளே பின்னாலிருந்து ஞானதுரையின் குரல், "அந்தத் தாலாட்டையே பாடுங்கம்மா." அவள் விருட்டென்று திரும்பினாள். தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்து உருண்டு கீழே விழுந்தது. "இத்தன வருசமும் கேக்கல. இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இப்போது அவள் என்ன பேசினாலும் அவருக்கு மட்டும்தான் கேட்கும். அவர் குனிந்து அந்த முந்திரிக்கொத்தை எடுத்தார். "அப்பல்லாம் வீட்லயே பாடுவல்லா. அடுப்படியில, துணி காயப்போடையில, அரிசி களையையில. வாசல்ல வேற என்னத்துக்குக் கேக்கணும்?" என்றவர், கையிலிருந்ததை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "இந்த வருசம் வீட்ல ஒரு சத்தத்தையும் காணும்."

இதை ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா, பத்து வருஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா பாவி மனுஷன், தொண்டை இருந்தபோது சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அதற்குள் பெனிட்டா எடுத்துவிட்டாள். 'தாலாட்ட யாருண்டு தாவீதின் ஊரிலே.' அந்தப் பெண் வேறு எங்கேயும் பார்க்கவில்லை, எப்சிபாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு பாடினாள், வாயை அசைத்தால் பிடித்துக்கொள்வேன் என்று சொன்னாளே, அதே பார்வை. எப்சிபா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கல்லு மாதிரி நிக்கணும். முகத்துல ஒண்ணும் காட்டக்கூடாது. உடையட்டும், என் வாசலில் வைத்தே உடையட்டும், இவரும் பக்கத்தில் நின்று கேட்கட்டும், உடைகிறது எது உடையாதது எது என்று இவருக்காவது தெரியட்டும். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது. இரண்டாவதில் 'வைக்கோலும்தான் உண்டு' என்கிற இடத்தில் அந்தப் பெண் ஒரு சின்ன வளைவு கொடுத்தாள், அது எப்சிபா கொடுக்கிற வளைவு, திருடி, அதை எப்போது பிடித்தாள்? மூன்றாவது சரணம் தொடங்கியதும் பெனிட்டாவின் கண்ணில் அந்தப் பயம் வந்துவிட்டது. வருது. வந்துட்டு. 'விண்ணவர்...'

இடுப்பு தானாக நிமிர்ந்தது, விலா விரிந்தது, இறுக மூடியிருந்த வாய் திறந்துகொண்டது, ஹ் என்று ஒரு மூச்சு, கொஞ்சூண்டு, திருடின மாதிரி, எப்சிபாவின் நெஞ்சுக்குள்ளே போயிற்று. எத்தனை வருஷப் பழக்கம், உடம்பு அவளைக் கேட்கவில்லை. பெனிட்டா அதைப் பார்த்தாள், கண் விரிந்தது, அதே நொடியில் அவள் தோளும் எழும்பிற்று, மூச்சை எடுத்துக்கொண்டாள், 'சேனை பாட விழித்திருக்கும்' என்று ஒரே ஓட்டமாக ஓடி உச்சியில் போய் நின்றாள், பிளவு இல்லை, கீறல் இல்லை, வெயிலில் நின்ற அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எப்சிபாவின் நெஞ்சு முட்ட மூச்சு நின்றது. எடுத்த மூச்சை என்ன செய்வது? அதைச் செலவழிக்க ஒரு சத்தம் கிடையாது. 'பாலனே' என்று அந்தப் பெண் இறக்கி முடிக்கிற வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு வெறுமனே வெளியே விட்டாள். சண்டாளி, நானே குடுத்துட்டேனே. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததை, பொய் சொல்லி, ஜெபத்தைச் சாட்சி வைத்து மறைத்ததை, என் வாசலில் வைத்து என் உடம்பே அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டதே.

யாரும் கை தட்டவில்லை. கிரேனாப் மதிலுக்கு மேலே தலையை நீட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஞானதுரை மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "ஏட்டி... இது..." என்றார், பெனிட்டாவைப் பார்க்காமல் எப்சிபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் காப்பி குடித்தார்கள், முந்திரிக்கொத்து எடுத்தார்கள், சுகந்தி டீச்சர் ஜெபம் பண்ணினாள். பெனிட்டா கடைசியாக வந்து தட்டுக்கு முன்னால் நின்றாள். "அக்கா" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஜெபம் பண்ணிட்டுப் பாடு, தானா வரும் என்று சொன்ன வாயை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு, எங்கே மூச்சு என்பதும் தெரிந்துவிட்டது, ஏன் சொல்லவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. எப்சிபாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. "போ, எதிர்வீட்ல காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள். பெனிட்டா ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கேட் சாத்தப்பட்டது. ஞானதுரை சுவிட்சைப் போட்டார், நட்சத்திரம் சிவப்பாக எரிந்தது. "உள்ள வா, பனி எறங்குது, தொண்டைக்கு ஆகாது" என்றார். ஆகாதாம், இனிமேல் ஆக என்ன இருக்கிறது? அவள் போகவில்லை. எதிர்வீட்டு வாசலில் சுகந்தி டீச்சர் கேட்பது கேட்டது, என்ன பாட்டு வேண்டும் என்று, அவர்கள் சொன்னது கேட்டது, டோலக் அடங்கிற்று. முதல் சரணம். இரண்டாவது. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது, அதில் ஒன்றும் குறைவில்லை. உடைஞ்சிரணும், இந்த ஒரு தடவை உடைஞ்சிரணும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டிருக்கும்போதே 'விண்ணவர்' வந்தது, தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோள் எழும்பிற்று, இந்தப் பக்கம் எப்சிபாவின் நெஞ்சும் எழும்பிற்று. அங்கேயும் அது உடையவில்லை. கையில் காலித் தட்டோடு, அந்த வரி முடிகிற மட்டும் மூச்சை விடாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.